கூண்டில் நிற்கும் யானை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

'மீ வித்தவுட் யூ' என்ற அமெரிக்க இசைக்குழுவைக் கிறிஸ்தவ ராக் குழு என்று நீங்கள் குறிப்பிட்டிருந்ததைப் படித்துவிட்டு, அவர்களுடைய 'டென் ஸ்டோரீஸ்' தொகுப்பைக் கேட்டேன். எல்லாம் சர்க்கஸ் மிருகங்களின் கதைகளாக இருக்கின்றன. கிறிஸ்தவ இசை நிறுவனத்திலிருந்து விலகித் தாங்களே அதை வெளியிட்டார்களாம். அப்படியானால் விசுவாசத்திலிருந்தும் விலகிவிட்டார்கள் என்றுதானே பொருள்? சபைப் பாடல்களோடு வளர்ந்தவள் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் அப்படிப் பொருள் கொள்ள மாட்டேன். 2002 முதல் 2009 வரை அவர்களுடைய நான்கு தொகுப்புகளை 'டூத் அண்ட் நெயில்' நிறுவனம் வெளியிட்டது. 2012 மே மாதம் 'டென் ஸ்டோரீஸ்' அவர்களுடைய சொந்த இசை வெளியீட்டு நிறுவனமான 'பைன் ஸ்ட்ரீட் ரெக்கார்ட்ஸ்' வழியாக வந்தது. மாறியது பதிப்பாளர் மட்டுமே. அந்நிறுவனத்தில் இருந்தபோதும் அவர்களுடைய விசுவாசம் ஒரே சபைக்குள் அடங்கியதாக இருந்ததில்லை.

பாடகர் ஆரன் வைஸ், கிட்டார் வாசித்த மைக்கேல் வைஸ் ஆகிய சகோதரர்களின் தந்தை யூதப் பின்னணியிலிருந்தும் தாய் கிறிஸ்தவப் பின்னணியிலிருந்தும் சூஃபி வழிக்கு வந்தவர்கள். அவர்கள் சேர்ந்தது, யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் நடத்தி, 1971இல் பிலடெல்பியாவுக்குச் சென்று, 1986இல் அங்கேயே மறைந்த பாவா முஹையத்தீனின் அமைப்பில். பாவா பேசியது தமிழில். சீடர்கள் அதை ஆங்கிலத்தில் சொல்வார்கள். 2009 தொகுப்பில் அவருடைய கதைகள் சில பாடல்களாகியிருக்கின்றன. ஒன்றில், பாட்டி சுட்ட வடையைக் கேட்டு வளர்ந்த நாம் உடனே அடையாளம் காணும் நரியும் காகமும் வருகின்றன. இன்னொன்றில், தென்னந்தோப்பில் எரியும் நெருப்பு என்னவென்று அறிய வண்டுகளின் அரசன் ஆளனுப்புகிறான். போனவர்கள் கொண்டுவரும் செய்தி போதாமல், கடைசியில் தானே பறந்து சென்று தீக்குள் கலந்துவிடுகிறான். அவர்கள் பாடியவற்றில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். ஈழத்துத் தென்னந்தோப்பின் வாசனையை ஒரு பிலடெல்பியா ராக் பாடலில் உணர்வேன் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

'டென் ஸ்டோரீஸ்' அந்தப் பாதையில்தான் தொடர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மொன்டானாவில் சர்க்கஸ் ரயில் ஒன்று கவிழ்ந்து மிருகங்கள் விடுபடுவதே அதன் களம். கிறிஸ்து எங்கே என்று நீங்கள் தேடுகிறீர்கள். காணாமற்போன ஆட்டின் உவமையில், கதைக்குள் கடவுளின் பெயர் வருவதில்லை. ஆட்டைத் தோளில் சுமந்து வரும் மேய்ப்பன் மட்டுமே வருகிறான். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட யானையைப் பற்றிய பாடலைக் கேட்கும்போதெல்லாம், பிலாத்துவின் முன் விசாரணைக்கு நின்ற இயேசுவை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பல பாடல்களில் சொற்கள் நெருக்கியடித்து வருவதால் முதல் தடவை கதை பிடிபடாது. பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆனால் பதினொன்றாவதும் கடைசியுமான பாடலுக்கு அந்த உதவி தேவைப்படாது. 'பாரமோர்' ராக் குழுவின் பாடகி ஹெய்லி வில்லியம்ஸின் குரலும் சேர்ந்துகொள்ள, அதே வரிகள் சுற்றிச் சுற்றித் திரும்பி வருகின்றன. அதை, இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்ப ஓதும் சூஃபிகளின் திக்ர் என்றும் கேட்கலாம்; உங்கள் சபையில் எல்லோரும் எழுந்து நின்று விடாமல் திருப்பிப் பாடும் பல்லவி என்றும் கேட்கலாம்.