பல்கேரியாவுக்கு முற்பணம் கட்டாதீர்கள்

போன சனிக்கிழமை லண்டன் ஹரோவிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அவளுக்குப் பதினேழு வயது, ஏ லெவல் கடைசி வருடம். மெடிசினுக்கான யூகாட் பரீட்சையில் புள்ளிகள் போதவில்லை. பெரியப்பா உடனே பல்கேரியாவில் இடம் எடுத்துத் தர ஆள் பிடித்துவிட்டாராம். பிள்ளையோ கராஜுக்குள் மச்சாள்மாரை நிறுத்திப் பேய்ப்படம் எடுக்கிறாள். அம்மா அழுதுவிட்டார். ஆறுதலாக ஐந்து நிமிடம் பேசினேன். அதற்கு மேல் முடியவில்லை.

பல்கேரியாவில் மெடிசின் ஆறு வருடம். இங்கிலாந்தின் மாணவர் கடன் அங்கே கிடைக்காது. வீட்டின் மேல் இன்னொரு கடன் எடுத்துத்தான் கட்ட வேண்டும். அதுவும் யாருக்காக? சிவப்புச் சாயத்தைக் கலந்து வாளி வாளியாக ரத்தம் செய்யும் இந்தப் பிள்ளை, நிஜ ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்ட மாட்டாள் என்று அப்பாவே சொன்னார். இதற்கு நான் ஒருநாளும் சரி சொல்ல மாட்டேன்.

"அப்போ டைரக்டர் ஆகட்டும் என்கிறீர்களா?" என்றார் அப்பா. அதையும் சொல்லவில்லை. டைரக்டர் என்பது விண்ணப்பம் போட்டு வாங்கும் வேலை இல்லை. அவள் படத்தை என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். நடிப்பு சுமார், வெளிச்சம் மோசம். ஆனால் ஒரு மூடிய கதவை, நாம் எதிர்பார்ப்பதைவிட இரண்டு வினாடி கூடுதலாகக் காட்டிவிட்டு வெட்டுகிறாள். எனக்கு முதுகு சில்லிட்டது. அவள் கை எடிட்டிங் கை.

பேய்ப்பட இயக்குநர் நீல் மார்ஷலை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் நியூகாசிலில் பிறந்தவர். சிறு வயதிலேயே சூப்பர் 8 கேமராவோடு திரிந்தார். 1989இல் சேர்ந்தது ஆக்ஸ்போர்டில் அல்ல, நியூகாசில் பொலிடெக்னிக்கில். (பெரியப்பாவிடம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம். இப்போது அது நோர்தம்ப்ரியா யூனிவர்சிட்டி.) அதன்பின் எட்டு வருடம் எடிட்டராகக் கூலிக்கு வேலை செய்தார். குண்டூரில் பிறந்து நியூகாசிலில் வளர்ந்த இயக்குநர் பாரத் நல்லூரி தன் படமொன்றுக்கு அவரை எடிட்டராக மட்டுமல்ல, இணை எழுத்தாளராகவும் எடுத்தார். எழுத்துக்கு வாசல் திறந்தது எடிட்டிங் அறைதான்.

ஓநாய் மனிதர்களிடம் மாட்டிக்கொள்ளும் சிப்பாய்கள் பற்றிய கதையோடு மார்ஷல் வருடக்கணக்கில் அலைந்தார். அதுதான் 2002இல் வந்த 'டொக் சோல்ஜர்ஸ்'. கதை நடப்பது ஸ்கொட்லாந்தில், பெரும்பகுதி எடுத்தது லக்சம்பேர்க்கில். எழுத்து, இயக்கம், எடிட்டிங் மூன்றும் அவரே. பணம் குறைவு, ஓநாய்கள் உடுப்புப் போட்ட ஆட்கள். எதை எத்தனை நொடி காட்டலாம், எப்போது வெட்டினால் பயம் மிஞ்சும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. 2005இல் வந்த அவருடைய 'தி டிசென்ட்' படத்துக்கான குகைகளைப் பைன்வுட் ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள்.

எடிட்டிங் வேலை அடிமட்டத்தில் எப்படி இருக்கும்? முதலில் லண்டன் சோஹோவில், ஷூட்டிங்குக்குப் பிந்தைய வேலைகளைச் செய்யும் ஏதாவது ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் நிறுவனத்தில் ரன்னர், அதாவது எடுபிடி: தேநீர் போட வேண்டும், ஹார்ட் டிஸ்க் தூக்க வேண்டும். அப்புறம் எடிட் உதவியாளர். ஷூட்டிங் முடிந்து வரும் கேமரா மெமரி கார்டுகளைக் குறைந்தது இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து, சரிபார்த்த பிறகுதான் கார்டை அழிக்க விட வேண்டும். தனியாகப் பதிந்த ஒலியைக் கிளாப் சத்தத்தோடு பொருத்தி, காட்சி எண், டேக் எண் போட்டு அடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் பெரிய இயக்குநர்கள் தூக்கி எறிந்த டேக்குகளை எல்லாம் பார்க்கக் கிடைப்பது அங்கேதான். எதை ஏன் எறிந்தார்கள் என்பதை வகுப்பில் யாரும் காட்டுவதில்லை.

செலவு விஷயத்தில் நான் கறார். அரசுக் கடன் கிடைக்கும் பட்டப்படிப்பு என்றால் போகட்டும். 2025-26இல் கட்டணம் வருடத்துக்கு அதிகபட்சம் 9,535 பவுண்ஸ், பெயர் பெற்ற கம்பஸுக்கும் அதே விலைதான். கையில் காசு கேட்கும் தனியார் சினிமாப் பள்ளி வேண்டாம். ரன்னர் வேலைக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் உண்டு. "அனுபவம்தான் சம்பளம்" என்று சொல்பவரிடம் அனுப்பாதீர்கள். வீட்டில் பழக டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது வெட்டாத காட்சிகள் முழுவதையும் டிஸ்கில் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரியப்பா வேண்டாம்.