டோக்கியோவா, கியோத்தோவா? 'ஓப்பன் ஜா' டிக்கெட் எடுத்தால் இரண்டும் பார்க்கலாமாமே, அது என்ன?

ஒரு ஊரில் போய் இறங்கி, வேறொரு ஊரிலிருந்து வீடு திரும்பும் விமான டிக்கெட்தான் ஓப்பன் ஜா. நடுவில் உள்ள தூரத்தை ரயிலிலோ பஸ்ஸிலோ நாமே கடக்க வேண்டும்.

இந்த இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று ஈடாகாது. கியோத்தோ 794-இல் ஜப்பானின் தலைநகரானது. கோயில்கள், மர வீடுகள், குறுகலான சந்துகள். டோக்கியோ 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் எரிந்து, மறுபடி எழுந்த ஊர். ஒன்றைப் பார்த்துவிட்டு ஜப்பானையே பார்த்த மாதிரி சொல்ல முடியாது.

நொசோமி புல்லட் ரயிலில் இடையே சுமார் இரண்டேகால் மணி நேரம்தான். ஆனால் கியோத்தோவில் விமான நிலையம் இல்லை. சரி, டோக்கியோவுக்கே திரும்புவோம் என்றால் ரயில் கட்டணம் இன்னொரு முறை, அரை நாளும் போச்சு. (அந்த ரயில் டிக்கெட் மலிவும் இல்லை.) அதற்குப் பதில் ஒசாகா பக்கத்துக் கன்சாய் விமான நிலையத்தில் ஏறிவிடலாம், கியோத்தோவிலிருந்து ஹருகா ரயிலில் சுமார் 80 நிமிடம்.

கோயிலில் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேறுவது போலத்தான். என்ன, செருப்பைக் கிழக்கே விட்டிருக்கக் கூடாது: பெட்டியை டோக்கியோ ஹோட்டலில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

இரண்டு ஒருவழி டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்குவதுதான் ஓப்பன் ஜா என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, விமான டிக்கெட் தளத்தில் 'மல்டி சிட்டி' (பல ஊர்) பிரிவில் ஒரே புக்கிங்காக எடுப்பது இது, விலையும் பெரும்பாலும் சாதாரண ரிட்டர்ன் டிக்கெட்டை ஒட்டியே வரும்.