நீலகிரி க்ளவுடட் யெல்லோ: கேள்வி பதில்

கோத்தகிரி: சாலையோரப் புல்லில் எடுத்த மஞ்சள் பட்டாம்பூச்சி. படம் இணைத்திருக்கிறேன். என்ன இனம்?

பதில்: நீலகிரி க்ளவுடட் யெல்லோதான். பின்னிறக்கையின் அடிப்பக்கம் பாருங்கள்: நடுவில் வெள்ளிப் புள்ளி, சுற்றிலும் செம்பழுப்பு வளையம். உணர்கொம்பும் இளஞ்சிவப்பு. இவை இருந்தால் சந்தேகமே வேண்டாம். தென்னிந்தியாவில் கோலியாஸ் என்ற இதன் பேரினத்தில் இது ஒன்றுதான். மேல்பக்கத்துக் கறுப்பு விளிம்பைப் பார்க்கக் காத்திருக்காதீர்கள். உட்கார்ந்ததுமே இறக்கையை மூடிக்கொள்ளும், பறக்கும்போதுதான் கறுப்பு தெரியும். அந்த விளிம்பில் வெளிர்ப் புள்ளிகள் இருந்தால் பெண். சில பெண்கள் மஞ்சளே இல்லாமல் வெளுத்திருக்கும்.

கொடைக்கானல்: எங்கள் பக்கம் உண்டா?

பதில்: உண்டு. நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, எல்லாம் உச்சிப் புல்வெளிகள்.

சென்னை: மாடித் தோட்டத்துக்கு வருவது இதுவா?

பதில்: இல்லை. அது காமன் கிராஸ் யெல்லோ.

சேலம்: எங்கள் தோட்டத்திலும் மஞ்சளாக ஒன்று...

பதில்: சென்னைக்குச் சொன்னதுதான். படம், இடம், உயரம் மூன்றும் இல்லாமல் கேட்காதீர்கள்.

குன்னூர்: இது தனி இனமே இல்லை என்கிறார்களே?

பதில்: 1859-இல் ஆஸ்திரியப் பூச்சியியலாளர்களான ஃபெல்டர் தந்தையும் மகனும் தனி இனமாகத்தான் விவரித்தார்கள். வடக்கே உள்ள கோலியாஸ் எராட்டே என்ற இனத்தின் துணையினமாக வைப்பவர்களும் உண்டு. எப்படி வைத்தாலும், இமயத்துச் சொந்தக்காரர்களை விட்டு வெகுதூரம் விலகி நம் மலை உச்சிகளில் ஒண்டி வாழ்கிறது.

ஊட்டி: இதற்காகவே எங்கள் குழு புல்வெளியில் மரக்கன்று நடப்போகிறது. எந்த மரம் நல்லது?

பதில்: எந்த மரமும் வேண்டாம், தயவுசெய்து. இதன் புழு தின்பது புல்லுக்கு நடுவே வளரும் அவரைக் குடும்பச் சிறுசெடிகளை. நிழல் விழுந்தால் அவை போய்விடும். புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். சீகையை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை வருடக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும்.

கோவை: மரம் இருந்தால்தானே தண்ணீர் நிற்கும்? நடுவதைத் தடுக்கலாமா?

பதில்: மலை மடிப்புகளில் சோலைக்காடு, மேட்டில் புல். இரண்டும் சேர்ந்துதான் மழையை வாங்கி ஓடைக்கு விடுகின்றன. சோலை மரம் நட ஆசையா? சிதைந்த சோலை ஓரத்தில், வனத்துறையைக் கேட்டு நடுங்கள். புல் மேட்டில் சோலை மரம்கூட வேண்டாம்.

ஊட்டி: அப்படியானால் எங்கள் குழு என்னதான் செய்வது?

பதில்: சீகை நாற்றைப் பிடுங்குங்கள், சிறிதாக இருக்கும்போதே, வேரோடு. அதற்கும் அனுமதி வாங்குங்கள். அடுத்த வருடமும் அதே இடத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

மதுரை: எப்போது வந்தால் பார்க்கலாம்?

பதில்: வெயில் அடிக்கும் காலையில். மேகம் மூடினால் புல்லுக்குள் அடங்கிவிடும். துரத்தாதீர்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள்.