வாட்ச் கேள்வி-பதில்: தாத்தாவின் ரோமர்

கேள்வி: ஐயா, என் தாத்தா சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து, சேரம்பாடியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போதே அவர் கையில் இருந்த வாட்ச் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. டயலில் ரோமர் என்றும், அடி ஓரத்தில் சுவிஸ் மேட் என்றும் எழுதியிருக்கிறது. வெள்ளை டயல் பழுப்பேறிவிட்டது. எண்களுக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளிகளும் கறுத்துவிட்டன. சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. கோவையில் ஒரு கடையில் டயலைப் புதிதாக அடித்து, கேஸுக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா? விற்றால் என்ன விலை போகும்?
— வாசகி, பந்தலூர்

பதில்: அம்மா, டயலை அடிக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டயல் அடிப்பது என்றால், பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே புதிதாக அச்சடிப்பதுதான். சுவிட்சர்லாந்தில் அச்சான எழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். புதிதாக அடித்ததில் எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் எண்களோடு சேராமல் நிற்கும். பல நேரம் அடியில் சுவிஸ் மேட் என்ற வரியே காணாமல் போயிருக்கும். பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பழுப்பேறிய அசல் டயலுக்குக் கிடைக்கும் விலை, பளபளப்பான புது டயலுக்குக் கிடைக்காது. விலை போகட்டும், தாத்தா தினமும் பார்த்த முகம் அது. ஒருமுறை சுரண்டிவிட்டால் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அந்தப் பச்சைப் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டில் ஒளிர்வதற்காக 1960களின் தொடக்கம் வரை கதிர்வீச்சு வெளியிடும் ரேடியத்தைப் பூசினார்கள். பிறகு ட்ரிட்டியத்துக்கு மாறினார்கள். அப்படி மாறிய பிறகு வந்த டயல்களில் சுவிஸ் மேட் என்பதன் பக்கத்திலேயே ஆங்கில எழுத்து டி (T) இருக்கும். உங்கள் டயலில் டி இல்லையென்றால் அது ரேடியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாட்ச் 1960களின் நடுப்பகுதிக்கு முந்தியது என்று ஊகிக்கவும் அது உதவும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். புள்ளி ஒளிராமல் போனதற்குக் காரணம் அதோடு கலந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடு தேய்ந்துபோனதுதான், ரேடியம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் வீட்டில் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், புள்ளியைச் சுரண்டாதீர்கள், ஊதித் துடைக்காதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. டயலைத் தொட வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது இன்னொரு காரணம்.

இனி அடையாளம். ரோமர், சுவிட்சர்லாந்தின் சோலோதர்ன் நகரத்தில் 1888-ல் தொடங்கிய கம்பெனி. மெஷினைச் சொந்தமாகவே செய்தார்கள். பின்மூடியைத் திறந்தால் இங்கும் அங்கும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் அருகிலோ மேல் தகட்டிலோ எம்எஸ்டி (MST) என்ற எழுத்தும் ஓர் எண்ணும் தெரிய வேண்டும். அவை இருந்தால் உள்ளே இருப்பது ரோமரின் சொந்த மெஷின். வேறு கம்பெனி மெஷினை உள்ளே போட்டு, வெளியே ரோமர் டயலை ஒட்டி விற்பதும் சந்தையில் நடக்கிறது.

திறக்கும்போது மெஷினோடு நின்றுவிடாமல் மூடியின் உட்புறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசியால் கீறிய எழுத்துகள், எண்கள், சில சமயம் தேதிகூட இருக்கும். சர்வீஸ் செய்த ரிப்பேர்காரர்கள் போட்ட குறி அது. உங்கள் தாத்தாவின் வாட்சில் இருப்பவற்றில் சில இலங்கை மலையகத்துக் கடைவீதியில் யாரோ கீறியதாக இருக்கலாம். இந்த வாட்சில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும். போட்டோ எடுத்து வையுங்கள். யாரும் அதைத் தேய்க்க விடாதீர்கள்.

கேஸைத் தொடும் முன் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று இருந்தால் மூடி மட்டும்தான் ஸ்டீல், மேல்பாகம் பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளை. அதற்குப் பாலிஷ் போட்டால் முலாம் போய்ப் பித்தளை எட்டிப் பார்க்கும். பல்குச்சியும் மெல்லிய துணியும் வைத்து அழுக்கை எடுத்தால் போதும். கண்ணாடி அக்ரிலிக்காக இருந்தால் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், மாற்றினாலும் பெரிய செலவில்லை.

காசு செலவழிக்க வேண்டிய இடம் மெஷின். மெஷினை முழுசாகப் பெட்ரோலில் முக்கி எடுத்து எண்ணெய் விட்டுத் தருகிறவரிடம் போகாதீர்கள். ஒவ்வொரு பாகமாகப் பிரித்துக் கழுவி, சக்கர முனைகள் உட்காரும் சின்னக் கற்களில் ஒவ்வொன்றாக எண்ணெய் வைத்து, சாவி கொடுத்தால் இறுகும் மெயின் ஸ்பிரிங்கையும் பார்ப்பவர் வேண்டும். வாட்சின் வேகத்தை அளக்கும் டைமிங் மெஷினில் சர்வீஸுக்கு முன்னும் பின்னும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் காலத்துச் சாவி வாட்சுகளில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. மாற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

விலையா? ரோமர் நிறையச் செய்த கம்பெனி. சாதாரண சாவி மாடல் சில ஆயிரம் ரூபாய் போகும், லட்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்க மாட்டேன். கட்டுங்கள், ஆனால் ஆடி மாத மழையில் பந்தலூர் ரோட்டில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வாட்டர் புரூஃப் என்று எழுதியிருந்தாலும் அந்த வாஷர் காய்ந்து பல வருஷமாகியிருக்கும். வீட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: சாவியை அதிகமாகக் கொடுத்ததால்தான் என் வாட்ச் நின்றுவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
— வாசகர், குன்னூர்

பதில்: இல்லை. முழுச் சாவியோடு நிற்கும் வாட்சில் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். சர்வீஸ் செய்யுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில், தடை தெரியும்வரை மெதுவாகக் கொடுங்கள், தெரிந்ததும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் எச்எம்டி ஜனதா, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் முந்துகிறது. ராத்திரியில் புளூடூத் ஸ்பீக்கர் மேல்தான் வைப்பேன்.
— வாசகர், கோத்தகிரி

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. வாட்சின் துடிப்பை நடத்தும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்குக்குக் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்பிரிங் குட்டையானதுபோல வேகமாகத் துடிக்கும். ஒரு திசைகாட்டிக்குப் பக்கத்தில் வாட்சைக் கொண்டுபோங்கள், ஊசி ஆடினால் அதுதான். ரிப்பேர்காரரிடம் காந்தம் இறக்கும் கருவி இருக்கும், சில நொடி வேலை. அப்படியும் முந்தினால் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கும், கழுவ வேண்டும். 1961-ல் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்எம்டியின் பழைய வாட்ச் தொழிற்சாலைகள் மூடப்பட்டாலும், ஜனதாவுக்கு உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது, பயப்பட வேண்டாம்.