கரும்புள்ளியும் கோளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு இது மூன்றாம் ஆண்டு. இளம் விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுகிறேன். தேடுகிறேன் என்று பெயர்தான். விண்மீனின் பரப்பில் தோன்றும் குளிர்ந்த, இருண்ட திட்டுகளான கரும்புள்ளிகள் ஒளி அளவீட்டில் செய்யும் அட்டகாசத்தைக் கழிப்பதிலேயே பொழுது போகிறது. எட்டு மாதம் துரத்திய ஒரு சமிக்ஞை வெறும் புள்ளிதான் என்று போன மாதம் தெரிந்தது. அமைதியான, வயதான விண்மீன்களை எடுத்திருக்கலாமோ?

எம்.

அன்புள்ள எம்.,

எட்டு மாத உழைப்பு போனால் மனசு விட்டுத்தான் போகும். ஆனாலும் தலைப்பை மாற்றாதீர்கள்.

ஏயூ மைக்ரோஸ்கோபியை உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 32 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் சிவப்புக் குறுமீன் அது, அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீன். நம் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள், இதற்குச் சுமார் 2 கோடிதான். 4.86 நாளில் ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. புள்ளிகள் நம் பக்கம் திரும்பும்போது ஒளி மங்கும், விலகினால் கூடும். வரைபடத்தில் அது அலை அலையாகத் தெரியும். நடுநடுவே திடீர்ச் சுடர்வெடிப்புகள் வேறு. இத்தனைக்கும் இடையில் 8.46 நாளுக்கு ஒருமுறை கால் விழுக்காடு அளவில் ஒரு சின்னப் பள்ளம். நெப்டியூன் அளவுள்ள ஒரு கோள் குறுக்கே போகிறது! நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 2020இல் அறிவித்தார்கள்.

வயதான விண்மீன்களிடம் போனால் கதை முடிந்த பிறகுதான் போய்ச் சேருவீர்கள். பூமியைப் போல ஒன்றரை மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடைப்பட்ட ஆரம் கொண்ட கோள்கள் குறைவு என்று கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு காட்டியது. இளம் விண்மீனின் எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் சிறிய கோள்களின் வளிமண்டலத்தை உரித்துவிடுகின்றன என்பது அதற்கு ஒரு முக்கிய விளக்கம். அந்தக் கதிர்களுக்கும் உங்கள் கரும்புள்ளிகளுக்கும் மூலம் ஒன்றே: விண்மீனின் காந்தப்புலம். நீங்கள் கழித்துத் தள்ளுவதில்தான் கோளின் தலையெழுத்து இருக்கிறது.

அப்புறம், அந்தச் சமிக்ஞை. டிடபிள்யூ ஹைட்ரே என்ற இளம் விண்மீனுக்குக் கோள் இருப்பதாக 2008இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் வேறொரு குழு அகச்சிவப்பில் அளந்தது. கோள் என்றால் அதன் ஈர்ப்பால் விண்மீன் தள்ளாடும்; எந்த நிறத்தில் அளந்தாலும் அந்தத் தள்ளாட்டம் ஒரே அளவில் இருக்க வேண்டும். இருக்கவில்லை, அது புள்ளியின் வேலை. நீங்கள் அறிவிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த எட்டு மாதத்தை ஆய்வேட்டில் ஓர் இயலாகவே எழுதுங்கள்: எந்த இடத்தில் சந்தேகம் வந்தது, எந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது என்று. எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள்.