மெட்டல் மவுத்பீஸ், அதற்கேற்ற ரீடு: ஆல்டோ சாக்ஸபோன் கேள்வி–பதில்

கேள்வி: மெல்லிசைக் குழுவில் ஆல்டோ வாசிக்கிறேன். யமஹா 4சி மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் பகுதி), வான்டோரன் நீலப் பெட்டி 2.5 ரீடு (அதில் கட்டும் மெல்லிய நாணல் தகடு). கீபோர்டு, பேடு சத்தத்தில் அமுங்கிப் போகிறேன். மெட்டலுக்கு மாறினால் சரியாகும் என்கிறார்கள். எட்டாம் நம்பர் வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எட்டாம் நம்பர் வேண்டாம். முனை இடைவெளிக்காகக் கம்பெனி போடும் அந்த நம்பரை நம்பியும் வாங்க வேண்டாம். ஒரு கம்பெனியின் 7 இன்னொரு கம்பெனியின் 5 ஆக இருக்கும். ஒரே கம்பெனியிலும் ஆல்டோவின் 7 வேறு, டெனர் சாக்ஸபோனின் 7 வேறு. ரீடு முனைக்கும் மவுத்பீஸ் முனைக்கும் உள்ள இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். உங்கள் 4சி 1.60 மி.மீ. செல்மர் எஸ்80 சி-ஸ்டார் 1.70. மேயர் 5 சுமார் 1.80. அமெரிக்கத் தயாரிப்புகளில் இது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் இருக்கும். 80 என்று போட்டிருந்தால் 0.080 அங்குலம், அதாவது 2.03 மி.மீ. 1.60-லிருந்து வருகிறவர் முதலில் 1.85-க்கும் 2.0-க்கும் நடுவில் ஒன்றை எடுப்பதே சரி. 2.15-ஐத் தாண்டினால் உதடு தாங்காது. தாங்கினாலும் ஸ்ருதி நிற்காது.

இன்னொன்று, உலோகம் என்பதாலேயே சத்தம் கூடிவிடாது. உள்ளே இருக்கும் வடிவம்தான் வேலை செய்கிறது. முனைக்குப் பின்னால் ரீடைப் பார்த்திருக்கும் சரிவுதான் பேஃபிள். அது உயர்ந்திருந்தால் காற்று வேகமாகப் பாய்ந்து நாதம் கூர்மையாகும். தாழ்ந்திருந்தால் உருண்டையாக வரும். அதற்கு அடுத்த அறை சேம்பர். சிறியதென்றால் குரல் குறுகி முன்னால் தள்ளும். மெட்டலில் பேஃபிளை உயர்த்திச் செய்வது வழக்கமாகிவிட்டதால், கூர்மை உலோகத்தின் குணம் என்ற பேச்சு நிலைத்துவிட்டது. தாழ்ந்த பேஃபிளும் பெரிய சேம்பரும் உள்ள மெட்டல், எபனைட் (கெட்டி ரப்பர்) அளவுக்கே கூர்மையில்லாமல் மங்கலாகப் பேசும். உலோகத்தின் உண்மையான லாபம், வாயில் வைக்கும் அலகை மெல்லியதாகச் செய்யலாம் என்பதே.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. 4சி-யின் உள்பக்கத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, சுவரில் போஸ்டர் ஒட்டும் ப்ளூ டேக்கை ஒரு மி.மீ. கனத்தில் தட்டையாக்குங்கள். முனையிலிருந்து மூன்று நான்கு மி.மீ. விட்டு பேஃபிள் மேல் அழுத்தி ஒட்டுங்கள். பின்பக்கம் சேம்பரை நோக்கிச் சரிவாக முடியட்டும். ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. வாசித்துப் பாருங்கள். கூர்மை ஏறும். அந்தத் திசை உங்களுக்குப் பிடித்திருந்தால் உயர் பேஃபிள் மெட்டல் தேடலாம். எரிச்சலாக இருந்தால் உங்கள் பிரச்சினை மவுத்பீஸில் இல்லை, மேடை மானிட்டரில். மைக்கை சாக்ஸபோனின் மணி போன்ற வாயிலிருந்து (பெல்) 20–30 செ.மீ. தூரத்தில் வைத்து, மானிட்டரில் உங்கள் ஒலியைக் கூட்டச் சொல்லுங்கள். இந்த ஊர்க் குழுக்களில் பாதிப் பேர் மவுத்பீஸ் மாற்றுவது மானிட்டர் சரியில்லாததால்தான்.

அமெரிக்க ஆல்டோ கலைஞர் டேவிட் சான்போர்ன் பாணிக் கூர்மை வேண்டுமென்று டூகாஃப் மெட்டல் மவுத்பீஸ் கேட்பவர்களுக்கு: அதன் உலோகக் கலவை மென்மையானது. ஒருமுறை கீழே விழுந்தால் முனை நசுங்கும். அப்புறம் அந்தக் காசு போனதுதான்.

ரீடு விஷயம். இடைவெளி கூடக் கூட ரீடு மெலிய வேண்டும். 1.6–1.75 மி.மீ.-க்கு 2.5 அல்லது 3 எண் ரீடு. 1.8–1.95-க்கு 2.5. 2.0–2.15-க்கு 2 அல்லது 2.5. புது மெட்டலில் பழைய 2.5-ஐயே போட்டு முதல் வாரம் வாசியுங்கள். கீழ் ஸ்வரங்கள் மூச்சோடு கலந்து தாமதமாக வந்தால் அரை எண் இறங்குங்கள். மேல் ஸ்வரங்கள் மெலிந்து, பலமாக ஊதும்போது ரீடு மூடிக்கொண்டால் அரை எண் ஏறுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் தவறு ரீட்டில் இல்லை, மவுத்பீஸ் பொருந்தவில்லை.

கம்பெனிக்குக் கம்பெனி ரீடு எண்ணும் ஒன்றல்ல. வான்டோரனிலேயே ஜாவா பச்சைப் பெட்டி அதிகம் வளையும், வி16-ல் நாணலின் கனம் அதிகம். ஏற்கெனவே கூர்மையான மெட்டலில் மேலும் கூர்மையான ரீடு போட்டால் ஒலி கிழியும். அங்கே நீலப் பெட்டியோ வி16-ஓ சமநிலை தரும்.

கேள்வி: நாதஸ்வரம் வாசித்தவன். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு ஆல்டோவுக்கு வந்தேன். கல்யாணக் கச்சேரிகளுக்கு மெட்டல் உதவுமா? கமகத்துக்கு எது நல்லது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்களுக்கு மெட்டல் அவசியமில்லை. கமகத்துக்கு ரீடு வளைய வேண்டும், ஆனால் நிற்கும் ஸ்வரம் தம்பூராவோடு ஒட்டவும் வேண்டும். அகன்ற முனையும் மெல்லிய ரீடும் வளைவைத் தாராளமாகத் தரும், அதே தாராளத்தில் ஷட்ஜமும் பஞ்சமமும் ஆடும். 1.75 முதல் 1.9 மி.மீ., தாழ்ந்த அல்லது நடுத்தர பேஃபிள், பெரிய சேம்பர், 2.5 ரீடு. இது எபனைட்டில் எளிதாகக் கிடைக்கும். மெட்டல்தான் வேண்டுமென்றால் இதே அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

நாதஸ்வரச் சீவாளி பழகிய உதடு, பல்லை ஒதுக்கிவிட்டு இரு பக்கமும் மூடும். சாக்ஸபோனில் மேல் பல் மவுத்பீஸ் மேல் உட்கார வேண்டும், கீழ் உதடு மட்டும் ரீடைத் தாங்கும். மெல்லிய மெட்டல் அலகில் வாய் குறைவாகத் திறப்பதால் கடிக்கும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். மேல் ஸ்வரங்களின் ஸ்ருதி ஏறுவது இதனால்தான். மேலே 0.8 மி.மீ. கடிபட்டை ஒட்டினால் பல் வழுக்காது, அதிர்வும் குறையும். பட்டை மட்டும் போதாது, பழக்கத்தை மாற்றுவது உங்கள் வேலை.

கேள்வி: புது மெட்டல் மவுத்பீஸ் போட்டதும் ஸ்ருதி ஏறிவிட்டது. நெக் எனும் மேல் வளைகுழாயில் உள்ள கார்க்கின் ஓரம்வரை வெளியே இழுத்தும் சரியாகவில்லை.
– வாசகி, திருச்சி

பதில்: சாக்ஸபோன் என்பது முனை வெட்டப்பட்ட கூம்பு. வெட்டுப்பட்ட அந்த முனையின் கொள்ளளவை மவுத்பீஸின் உள்பக்கம் ஈடு செய்ய வேண்டும். சேம்பர் சிறியதென்றால் அந்த அளவு குறையும், அதனால் வெளியே இழுக்கச் சொல்கிறது. பத்து மி.மீ. கார்க்காவது மவுத்பீஸுக்குள் இல்லையென்றால் அது ஆடும், காற்றும் கசியும்.

சோதிக்கும் முறை: கீழ் பி-யையும் அதற்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள பி-யையும் டியூனரில் பாருங்கள். கீழ் பி சரியாக இருந்து மேல் பி-யின் ஸ்ருதி ஏறினால் மவுத்பீஸை இன்னும் வெளியே இழுங்கள், தாழ்ந்தால் உள்ளே தள்ளுங்கள். இரண்டும் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் மொத்த ஸ்ருதியும் டியூனரின் 440 ஹெர்ட்ஸ் அளவுக்கு மேலேயே நின்றால், அழுத்திப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். மவுத்பீஸை நெக்கில் மட்டும் மாட்டி ஊதினால் டியூனரில் ஏ-ஃபிளாட் வர வேண்டும். அதற்கு மேல் போனால் நீங்கள் கடிக்கிறீர்கள். ஏ-ஃபிளாட் சரியாகவே வந்தும் இசைக்கருவியின் ஸ்ருதி ஏறியே நின்றால் சேம்பர் உங்கள் கருவிக்குப் பொருந்தவில்லை, மாற்றிவிடுங்கள். ஏசி மண்டபத்தில் உலோகம் குளிர்ந்திருக்கும்போது டியூன் பார்த்தால் வேறு கணக்கு வரும், முதலில் இரண்டு நிமிடம் வெதுவெதுப்பான காற்றை ஊதிவிட்டுப் பாருங்கள்.

மவுத்பீஸின் கார்க் பக்கத் துளை அகன்று, மாட்டும்போது தளர்வாக இருந்தால் குழாய் வேலைக்கு உபயோகிக்கும் டெஃப்ளான் டேப்பைக் கார்க்கின் மேல் இரண்டு சுற்று சுற்றலாம். இது தற்காலிகம், சில வாரத்தில் புதுக் கார்க் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் தங்க நிற மெட்டல் மவுத்பீஸ் மலிவாக வாங்கினேன். எந்த ரீடு போட்டாலும் கீச்சென்று அலறுகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: ரீடைப் பொருத்தி, கார்க் பக்கத் துளையை உள்ளங்கையால் இறுக மூடி, வாயால் காற்றை உறிஞ்சுங்கள். வாயை எடுத்த பின் ஓரிரு நொடி ரீடு ஒட்டிக்கொண்டிருந்து ‘பொட்’டென்று திறக்க வேண்டும். உடனே திறந்தால் எங்கோ கசிகிறது. வேறு இரண்டு ரீடுகளிலும் அப்படியே ஆனால் மவுத்பீஸில்தான் குறை.

விளக்கின் கீழே முனையைப் பாருங்கள். இரு பக்க ரெயில்களும் (ரீடின் ஓரம் படியும் விளிம்புகள்) ஒரே அகலத்தில், முனை ரெயில் நூல் மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டும். ரீடு உட்காரும் டேபிள் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் டேபிள் நடுவில் புடைத்திருக்கிறது. மெக்கானிக் கடை ஃபீலர் கேஜ் இருந்தால் அதே கண்ணாடியை முனைவரை நீட்டி வைத்து, கண்ணாடிக்கும் முனைக்கும் நடுவில் தகடுகளை மெல்ல நுழைத்துப் பாருங்கள். முனையைக் கீறாமல் நுழையும் மொத்தக் கனம்தான் உங்கள் இடைவெளி. மேலே அச்சடித்த எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ரெயில் ஒன்று தடித்து ஒன்று மெலிந்திருந்தால் நீங்களே உப்புத்தாளில் தேய்க்காதீர்கள். மவுத்பீஸ் சரிசெய்பவரிடம் கொடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மவுத்பீஸ் நன்றாக இருந்தால் ரீடின் அடிப்பக்கத்தைத் தட்டையான கண்ணாடி மேல் 600 எண் உப்புத்தாளை வைத்து நாலைந்து முறை தேயுங்கள். முனையை அழுத்தக் கூடாது. ரீடு நடுவில் இருக்கிறதா, அழுத்தும்போது அதற்கு மேலே மயிரிழை அளவு மவுத்பீஸ் தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பழைய எபனைட் மவுத்பீஸின் லிகேச்சர் (ரீடை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) புது மெட்டலில் தொளதொளவென்று இருக்கிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: மெட்டலின் சுற்றளவு குறைவு, அதனால் எபனைட்டுடையது பொருந்தாது. அந்த மாடலுக்கென்றே உள்ளதை வாங்குங்கள், மூடியும் சேர்த்து. ரப்பர் வளையம் சுற்றிச் சமாளிப்பது வேலைக்காகாது. திருகை ரீடு நகராத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

கேள்வி: உள்ளே வெள்ளையாகப் படிகிறது. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போடலாமா?
– வாசகி, சிவகாசி

பதில்: போடாதீர்கள். புளி போட்டு நாரால் தேய்த்தால் தங்க, வெள்ளி முலாம் தேய்ந்துவிடும். வெள்ளைப் படிவு எச்சிலின் சுண்ணாம்பு. வினிகரில் நனைத்த பஞ்சைப் படிவின் மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, மென்மையான பல்துலக்கியால் தள்ளிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். ஊற வைக்க வேண்டாம். தினமும் வாசித்த பின் மெல்லிய துணியை உள்ளே இழுத்துத் துடைத்தாலே படிவு சேராது. உதட்டில் தடிப்பு வந்தால் முலாம் தேய்ந்து அடியில் இருக்கும் நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மறுமுலாம் பூசுங்கள், அல்லது துருவேறா எஃகில் செய்ததற்கு மாறுங்கள்.