"சும்மா வீட்டில்தானே இருக்கிறாய்?"

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 39 வயது. சொந்த ஊர் கரூர். கல்யாணமாகி அமெரிக்கா வந்தேன், இப்போது டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு மென்பொருள் வேலை, மகளுக்கு 11 வயது, மகனுக்கு 5.

என் தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஊரில் யாருக்குச் சொன்னாலும் புரிவதில்லை. இங்கே நிறையப் பெண்கள் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுக் குவில்ட் செய்வார்கள். மேல்துணியை மட்டும் தாங்களே தைத்து முடிப்பார்கள். அதையும், நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பையும், அடித்துணியையும் ஒன்றாகச் சேர்த்து முழுக்க டிசைன் தையல் ஓட்ட வேண்டும். கட்டில் அளவுப் போர்வையைச் சாதாரண தையல் மிஷினுக்குள் சுருட்டித் திணிப்பது பெரும்பாடு என்பதால், லாங்ஆர்ம் மிஷின் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் துணியைக் கட்டி, ஏர் பிடிப்பது மாதிரி இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு மிஷினையே துணிமேல் ஓட்டுவோம். 2021-ல் பழைய மிஷின் ஒன்றைக் கடன் போட்டு 11,000 டாலருக்கு வாங்கினேன். அதை வைத்ததும் விருந்தினர் அறை போச்சு.

இங்கிருந்துதான் பிரச்சினை. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அத்தை, மகளின் அறையில் படுக்கிறார். "சும்மா வீட்டில்தானே இருக்கிறாய், பிள்ளைக்குச் சூடா ஒரு தோசை ஊற்றக்கூடாதா?" என்பார். கணவர் கெட்டவர் இல்லை, ஆனால் "ஹாபிக்கு ஏன்மா இவ்வளவு டென்ஷன்?" என்று கேட்பார், அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் எரியும். வாடிக்கையாளர்கள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் பெல் அடிப்பார்கள், நானும் ஓடிப்போய் வாங்குவேன். இங்கே மற்றவர்கள் சதுர அங்குலத்துக்கு இரண்டரை, மூன்று சென்ட் வாங்குகிறார்கள். நான் வாங்குவது ஒன்றரை. தெரிந்தவர்கள் கேட்டால் அதிலும் குறைத்துக்கொள்வேன்.

போன டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டியவை பதினொன்று நின்றன. அதில் ஒன்று, கணவரை இழந்த ஒரு அம்மா அவருடைய பழைய சட்டைகளை வெட்டிச் செய்தது. பாதிக்கு மேல் ஓட்டிய பிறகுதான், நூல் இழுவை சரியில்லாமல் அடிப்பக்கம் முழுக்கச் சுருள் சுருளாகத் தொங்குவதைப் பார்த்தேன். சட்டத்தில் இருக்கும்போது அடிப்பக்கம் கண்ணில் படாது. அந்தச் சட்டைத் துணி கிழிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தையலாக இரண்டு நாள் பிரித்தேன். அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் மகளுடைய பள்ளியில் இசை நிகழ்ச்சி. சுத்தமாக மறந்துபோச்சு.

அவள் சண்டை போடவில்லை. மறுநாள் நான் ஆர்டர் எடுக்கும் படிவம் ஒன்று பூர்த்தி செய்யப்பட்டு மிஷின் மேல் இருந்தது. பெயர் என்ற இடத்தில் அவள் பெயர். அளவு: ஒரு மணி நேரம். வேண்டிய தேதி: காலி. கீழே "அவசரம் இல்லை" என்ற கட்டத்தில் டிக்.

அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை, நாலு மணி நேரம் தூங்கினால் பெரிது. வலது தோளும் வலிக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. மிஷினை விற்றுவிடவா அக்கா? நான் மோசமான அம்மாவா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒன்றை முதலில் கேட்டுவிடுகிறேன். "எங்கேயாவது போய்விடலாமா" என்பது நாலு நாள் தனியாக இருந்தால் போதும் என்பதா, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்பதா? இரண்டாவது என்றால், கொஞ்சம் அப்படித் தோன்றினாலும், இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு உங்கள் நாட்டில் 988-க்கு அழையுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். கணவரிடமும் சொல்லுங்கள். முதலாவதுதான் என்றாலும், டிசம்பரிலிருந்து தூக்கம் கெட்டிருப்பதால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். தோளையும் அப்போதே காட்டிவிடலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். மனசைப் பற்றிக் கேட்டால் இவள் கணக்குப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். 60-க்கு 80 அங்குலத்தில் ஒரு குவில்ட் என்றால் 4,800 சதுர அங்குலம். ஒன்றரை சென்ட்படி 72 டாலர். துணியைச் சட்டத்தில் கட்டுவது, ஓட்டுவது, பிசிறு வெட்டுவது, வாசலில் நின்று வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு 12 டாலர்தான், நூலும் கரண்டும் கடன் தவணையும் அதிலேதான். இரண்டரை சென்ட் என்றால் அதே வேலைக்கு 120 டாலர். இதை வாரத்துக்கு மூன்றோடு நிறுத்தினால் 360. இப்போதைய விலையில் இதே தொகைக்கு ஐந்து தைக்க வேண்டும்.

இது உங்களுக்குத் தெரியாதா என்ன? பதினொன்றுக்குத் தலையாட்டியவருக்கு இரண்டைப் பெருக்கத் தெரியாமல் போகாது. நீங்கள் விலையைக் குறைப்பது, என் பார்வையில், அபராதம் கட்டுவது மாதிரி. பிள்ளைகளை விட்டுவிட்டுச் செய்கிறோமே, அத்தையின் அறையை எடுத்துக்கொண்டோமே, இதில் காசும் பார்த்தால் தப்பில்லையா என்று உள்ளே ஏதோ சொல்கிறது. குறைத்த காசை ஈடுகட்ட இன்னும் இரண்டு போர்வையை ஏற்றுக்கொள்கிறீர்கள், வீட்டுக்கு இன்னும் நேரம் குறைகிறது, குற்றவுணர்வு இன்னும் கூடுகிறது. கணவர் ஹாபி என்றதும் உங்களுக்கு எரிகிறது. ஆனால் விலைப்பட்டியலைப் போட்டது நீங்கள்தானே, அதுவும் அதையேதான் சொல்கிறது.

மகளின் படிவத்தைப் படித்தபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எனக்கு உறுத்தியது அவள் நேரம் கேட்டது அல்ல, "அவசரம் இல்லை"யில் போட்ட டிக். பதினொரு வயதுப் பெண், உங்களைப் பார்த்து, தன் பங்கையும் தள்ளுபடி விலைக்கு விடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நிகழ்ச்சியை மறந்ததற்கு அவளிடம் நேரடியாக மன்னிப்புக் கேளுங்கள். சட்டைக் கதையையும் சொல்லலாம், ஆனால் காரணமாகச் சொல்லாதீர்கள், தனியாக இன்னொரு நாள் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் படிவத்தில் தேதியை நீங்களே எழுதி அவளிடம் திருப்பிக் கொடுங்கள், இந்த வாரத்துத் தேதியாக.

ராத்திரி பெல் அடித்ததும் ஓடிப்போய் வாங்குவதை நிறுத்துங்கள். துணி கொடுக்க, வாங்க வாரத்தில் இரண்டு காலை நேரம் போதும். கிறிஸ்துமஸ் வேலைக்குக் கடைசித் தேதி அக்டோபர் 15 என்று இப்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நாலு பேர் வேறு ஆளிடம் போவார்கள், போகட்டும். வருகிற வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, மூன்று மாதம் கழித்து அந்தத் தாளைக் கணவர் முன்னால் வையுங்கள், வாக்குவாதம் எதுவும் தேவைப்படாது. பிள்ளைகளைத் தூங்க வைப்பது அவர் வேலையா, உங்கள் வேலையா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதையும் பேசி முடிவு செய்யுங்கள்.

அத்தை நீங்கள் மிஷின் ஓட்டுவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறாரா? கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? போர்வையும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதியாகிற ஊர்க்காரருக்குத் துணியைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், தோசைப் பேச்சு உடனே நின்றுவிடாது, கொஞ்சம் குறையலாம். ஆனால் அறையில்லாமல் ஆறு மாதம் பேத்தியோடு படுப்பது அவருக்கும் கஷ்டம்தான், அதை ஒரு தடவையாவது நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மோசமான அம்மாவா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, நான் இல்லை என்றாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மிஷினை இப்போது விற்க வேண்டாம். நாலு மணி நேரத் தூக்கத்தில் எடுக்கிற முடிவு எதுவும் சரியாக வராது. விலையை மாற்றி, வாரத்துக்கு மூன்றோடு நிறுத்தி மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அப்போது விற்பதைப் பற்றிப் பேசலாம்.